கட்டிலருகே பிறந்த அறிவு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறிச் செல்லும் மலைப்பாதை, ரிவஸ்டன் கணவாயைக் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறம் இறங்கி, இலுக்கும்புரையைத் தாண்டி லக்கல பிரதேசத்தை அடைகிறது. சேனைப் பயிரையும் சிறு வயலையும் நம்பி வாழும் சிங்கள உழவர்களின் பூமி அது. மலையின் இப்புறத்தில், ரத்தோட்டை, கம்மடுவைப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள். அவற்றின் லயன்களிலே தமிழ்த் தொழிலாளர். களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டு லக்கலையின் பழைய நகரம் இடம்பெயர்ந்து, 2019ஆம் ஆண்டில் புதிய நகரமொன்று திறந்துவைக்கப்பட்டது. எனினும், கடும் நோய் என்று வந்துவிட்டால் மலையைக் கடந்து மாத்தளைக்கோ கண்டிக்கோ போகவேண்டிய நிலையே இன்னும் அம்மக்களுக்கு இருக்கிறது.

இத்தகைய பிரதேசங்களிலே நோயுற்றவன் வைத்தியரைக் காண்பது சில நிமிடங்கள். தாதியைக் காண்பதோ இராப்பகலாக. காய்ச்சல் ஏறும் நேரத்தை அறிந்தவள் அவள். எந்தக் கிழவர் சோற்றை உண்ணாமல் ஒளித்து வைக்கிறார், எந்தத் தாய் வீட்டிலே விட்டுவந்த பிள்ளைகளை எண்ணி உறங்காதிருக்கிறாள் என்பதையெல்லாம் அறிந்தவளும் அவளே. இந்த அறிவுக்குப் பெயர் என்ன? இதை யார் எழுதி வைத்தார்கள்? இருபது முப்பது ஆண்டுகள் விடுதியிலே உழைத்துத் தாதி சேர்த்த அனுபவம், அவள் ஓய்வு பெறும் நாளில் அவளோடே வீட்டுக்குப் போய்விடுகிறதே, அது நியாயமா?

இன்று தாதியொருத்தி பட்டம் பெறலாம், ஆராய்ச்சி செய்யலாம், கலாநிதியாகலாம், பேராசிரியராகித் தன் பின்வருவோர்க்குக் கற்பிக்கலாம். இது இயல்பாக வந்த பேறன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட போராட்டத்தின் விளைவு. கையால் உழைப்பவர்க்குச் சிந்திக்கும் உரிமை உண்டா என்ற கேள்வியே அப்போராட்டத்தின் உட்பொருளாக இருந்தது. ஆகையால், தொழிலொன்றின் வரலாறு என்ற அளவில் மட்டும் அதைப் பார்ப்பது போதாது.

சொல்லிலே தங்கிய இழிவு

முதலில் நம் மொழியையே பார்ப்போம். பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் ‘தாத்ரி’ என்ற வடசொல்லும், அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘தாசி’ என்ற வடசொல்லும் தமிழில் வந்து சேர்ந்தபோது ‘தாதி’ என்ற ஒரே வடிவத்தைப் பெற்றன. வளர்க்கும் அன்னையும் ஏவல் செய்யும் அடிமையும் ஒரு சொல்லுக்குள் அடங்கினர். இது வெறும் ஒலி மாற்றத்தின் விளைவே. ஆயினும் சமுதாயம் அவளைப் பார்த்த பார்வைக்கும் அது பொருந்திவிட்டது. தமிழகத்தார் பிற்காலத்தில் ‘செவிலியர்’ என்ற சொல்லைக் கைக்கொண்டனர். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலி, தலைவியின் மனத்தை அறிந்தவள். அறிவு சொல்லத் தக்கவள். தொழிலின் மதிப்பை உயர்த்த விரும்பியவர்கள் அச்சொல்லை நாடியதில் வியப்பில்லை. இலங்கையிலோ ‘தாதி’ என்ற சொல்லே நிலைத்தது. அரசாங்கம் இன்று ‘தாதிய உத்தியோகத்தர்’ என்கிறது. ஆனால் பெயரை மாற்றுவதால் மட்டும் நிலை மாறிவிடுவதில்லை.

விளக்கும் கணக்கும்

நவீன தாதித் தொழிலின் வரலாறு புளோரன்ஸ் நைட்டிங்கேலில் தொடங்குவதாகப் பாடநூல்கள் கூறும். கையில் விளக்கேந்தி, இரவிலே காயம்பட்ட வீரர்களிடையே நடந்த கருணைத் தெய்வம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் இன்னொரு நைட்டிங்கேலை நாம் அறியவேண்டும்.

1854ஆம் ஆண்டு நவம்பரில் 38 தாதியருடன் அவர் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி இராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார். அடுத்த பெப்ரவரியில் அங்கே அனுமதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்தையும் சீர்ப்படுத்தியது. சில மாதங்களுக்குள் மரணம் நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவுக்கு இறங்கியது. போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவரோடு சேர்ந்து இந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். வீரர்களைக் கொன்றது எதிரியின் குண்டைவிட ஆஸ்பத்திரியின் அழுக்கே என்பதை வண்ண வட்டப்படங்கள் வாயிலாக 1858இல் அரசாங்கத்தின் முன் வைத்தார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது; அச்சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண் அவரே. தாதியின் ஆராய்ச்சி என்பது அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

ஆனால் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. 1860இல் இலண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து உலகெங்கும் பரவியது அந்தக் கணக்கறிவு அன்று, ஒழுக்கமும் கீழ்ப்படிதலுமே. வைத்தியர் கட்டளையிட வேண்டும், தாதி நிறைவேற்ற வேண்டும். நல்ல தாதி என்பவள் கேள்வி கேட்காதவள். தாதியரைப் பரீட்சித்துச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும் என்று எதெல் பெட்போர்ட் பென்விக் முதலியோர் போராடியபோது, நைட்டிங்கேலே அதனை எதிர்த்தார்! நல்ல குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். பதிவுச் சட்டம் 1901இல் நியூசிலாந்திலும் 1919இலேயே பிரித்தானியாவிலும் வந்தது. தனி மனிதர் எவ்வளவு பெரியவராயினும் தம் வர்க்கத்தின் எல்லைகளை முற்றாகக் கடப்பது அரிது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆஸ்பத்திரிகளுக்கோ இந்தப் பயிற்சி முறை பெரும் இலாபம். பயிற்சி பெறும் பெண்கள் கூலியின்றி, அல்லது சொற்பக் கூலிக்கு, நாள் முழுவதும் உழைத்தனர். பாடம் என்பது வேலை முடிந்த களைப்பில் நடக்கும் ஒன்றாயிற்று. படிப்பு என்ற பெயரில் உழைப்புச் சுரண்டப்பட்டது. இந்தக் கட்டை அவிழ்க்க முனைந்தவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் அடிலெயிட் நட்டிங். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் தாதியர் பள்ளியில் 1891இல் தேறிய முதல் அணியைச் சேர்ந்தவர். விடுதியிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1907இல் நியூயோர்க் நகரின் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியரானார். உலகிலேயே தாதியொருவர் பேராசிரியப் பதவி பெற்றது அதுவே முதன்முறை. மற்றவர் அவரோடு சேர்ந்து தாதித் தொழிலின் வரலாற்றை எழுதிய லவினியா டொக். ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த நியூயோர்க் குடியிருப்புகளில் தாதியாக உழைத்தவர், தொழிற்சங்கங்களின் தோழர், பெண்கள் வாக்குரிமைக்காக 1917இல் சிறை சென்றவர். வகுப்பறைக்குள் தாதி நுழைந்த காலமும், வாக்குச்சாவடிக்குள் பெண் நுழைந்த காலமும் ஒன்றாயிருந்தது தற்செயலன்று.

குடியேற்ற நாட்டின் கணக்கு

நம் நாடுகளில் நிலைமை எவ்வாறிருந்தது? சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1871இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. கொழும்புப் பெரியாஸ்பத்திரி 1864இலும் வைத்தியக் கல்லூரி 1870இலும் தோன்றின. ஆனால் முறையான அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரி கொழும்பில் எழுந்தது 1939இலேயே. வைத்தியக் கல்விக்கும் தாதியர் கல்விக்கும் இடையே ஏறக்குறைய எழுபது ஆண்டுத் தூரம்!

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். தமிழைத் தாமே கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்திய நூல் 1857இல் வெளிவந்தது. 1860களில் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியாது என்று இன்றும் பேசுவோர் இதை நினைவிற் கொள்ளட்டும். எனினும் அவரிடம் கற்றுத் தேறியோர் ஆடவர். பிரசவ வைத்தியம் தமிழில் அச்சேறியது. பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் கையில் அந்நூல் சேரவில்லை. பின்னர், 1898இல் பெண்களுக்கென இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. அங்கும் மானிப்பாயிலும் மிஷனரிமார் தமிழ்ப் பெண்களைத் தாதியராகப் பயிற்றினர்.

நம் சமுதாயம் தன் பெண்களை எளிதில் இத்தொழிலுக்கு அனுப்பவில்லை. அந்நியரின் உடலைத் தொடுவதா, மலசலம் அள்ளுவதா, இரவிலே வீட்டுக்கு வெளியே தங்குவதா என்ற கேள்விகள் எழுந்தன. அழுக்கைத் தொடும் வேலையைச் சிலர் தலையிலே சுமத்தி, அவர்களையே தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைத்த சாதி அமைப்பு, நோயாளியின் அழுக்கைத் துடைக்கும் தாதியையும் அதே கண்ணால் நோக்கியது. முதல் தலைமுறைத் தாதியரிற் பலர் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும், ஆதரவற்ற விதவையரிடையே இருந்தும் வந்ததன் காரணம் இதுவே.

இதன் பலனைப் போர் குழுவின் அறிக்கை எண்களால் காட்டியது. பிரித்தானிய இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய 1943இல் அமைக்கப்பட்ட அக்குழு 1946இல் அறிக்கை வெளியிட்டது. இந்தியா முழுவதிலும் சுமார் 7,000 தாதியரே இருந்தனர். 43,000 பேருக்கு ஒரு தாதி. பிரித்தானியாவிலோ 300 பேருக்கு ஒருவர். ஏகாதிபத்தியம் தன் தாய்நாட்டுக்கு ஓர் அளவுகோலும் அடிமை நாட்டுக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதே 1946இல்தான் மாற்றமும் தொடங்கியது. தில்லியிலும், தமிழகத்து வேலூரிலும் தாதியர்க்கான பட்டப்படிப்புகள் ஆரம்பமாயின. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய ஆஸ்பத்திரியில் 1909 முதலே தாதியர் பள்ளி நடந்துவந்தது. அதுவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது. 1960ஐ ஒட்டித் தில்லியில் முதுநிலைப் படிப்பும் வந்தது. கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கோ இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுதப்படாத ஆராய்ச்சி

இலங்கையில் ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். தாதியரும் மருத்துவிச்சிகளும் செய்த வேலையின் பயன் உலகமே வியக்கத்தக்கது. அவர்களுக்குக் கிடைத்த கல்வி மதிப்போ மிகப் பிந்தியது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. ஒரு குறித்த பரப்பிலுள்ள மக்கள் அனைவருக்கும் நோய்த்தடுப்பும் தாய்சேய் நலனும் வீடு தேடிச் செல்லவேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த முறை நாடெங்கும் பரவ, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி கிராமத்துப் பாதைகளில் நடந்து வீட்டு வாசலுக்கு வந்தாள். 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 2,000 தாய்மார் இறந்த நாட்டில், 1950களின் தொடக்கத்தில் அத்தொகை 600க்குக் கீழே இறங்கியது. இந்நூற்றாண்டில் அது முப்பது நாற்பது என்ற அளவிலேயே இருக்கிறது. மலேரியா ஒழிப்பு, உணவு மானியம், இலவசக் கல்வி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. எனினும் பிரசவ வலி கண்ட பெண்ணருகே இருந்த கைகள் மருத்துவிச்சியினதும் தாதியினதுமே. அவர்கள் கற்றவை எத்தனை! எந்த வீட்டில் எதைச் சொன்னால் கேட்பார்கள், எந்த அறிகுறி தோன்றினால் வண்டி கட்டவேண்டும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான தலைகளிலே இருந்த ஆராய்ச்சி முடிவுகள். அவை நூலாகவில்லை. கையேடுகளை எழுதியவர்கள் வேறு, அவற்றின்படி நடந்தவர்கள் வேறு.

இந்த நிலையில் 1994ஆம் ஆண்டு ஒரு திருப்பம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, தொழிலில் இருக்கும் தாதியர்க்கென விஞ்ஞானமாணிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வேலையை விடாமல், தபாலில் வரும் பாடங்களைப் படித்து, பிராந்திய நிலையங்களில் வகுப்புக்குப் போய்க் கற்கும் முறை அது. கொழும்பு ஆஸ்பத்திரியிலிருப்பவளுக்கு மட்டுமன்றி, மலைக்கப்பாலுள்ள சிற்றாஸ்பத்திரியில் இரவு முறை பார்ப்பவளுக்கும் பல்கலைக்கழகத்தின் வாசல் சற்றே திறந்தது. மூன்றாண்டுப் பயிற்சி பெற்று, விடுதியிலே பல்லாண்டு உழைத்து, வீட்டிலே பிள்ளைகளை உறங்கவைத்தபின் புத்தகத்தைத் திறந்த பெண்களே அப்படிப்பின் மாணவியர். அவர்களிற் சிலர் மேற்பட்டங்களும் பெற்று விரிவுரையாளராயினர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுப்பகுதியில் பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர முதலிய பல்கலைக்கழகங்களில் பாடசாலையிலிருந்து நேரே வரும் மாணவர்க்கும் தாதியியற் பட்டப்படிப்புத் தொடங்கியபோது, கற்பிக்க ஆள் வேண்டுமல்லவா? அந்த முதல் தலைமுறை ஆசிரியரிற் பலர் விடுதியிலிருந்தே வந்தனர்.

கேள்வி கேட்கும் உரிமை

தாதிக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். ஓர் உதாரணம் போதும்.

நெடுநாள் படுத்திருக்கும் முதியவர்க்குப் படுக்கைப் புண் வருவது வழக்கம். தாதியின் கவலையீனமே அதற்குக் காரணம் என்று ஏசுவதும் வழக்கம். அதைத் தடுக்கச் சாராயம், எண்ணெய், களிம்பு, மா என்று எத்தனையோ பொருள்களைத் தாதியர் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துவந்தனர். இங்கிலாந்தில் டொரீன் நோர்ட்டன் என்னும் தாதி, இந்த வழக்கத்தால் பயனுண்டா என்று கேட்டார். இரு சகாக்களோடு முதியோர் விடுதியில் ஆராய்ந்து, முடிவுகளை 1962இல் வெளியிட்டார். தேய்ப்புப் பொருள்களால் பெரும் பயனில்லை. நோயாளியை முறையாகப் புரட்டிவிட்டு, உடலின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குவதே புண்ணைத் தடுக்கும் என்று கண்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலம் அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளியிட்டு, கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அந்நோயாளிக்கு ஆபத்துண்டு என்று அறியும் அளவையையும் வகுத்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்த அளவை உலகெங்கும் பரவியது. தாதியொருத்தி கேட்ட கேள்வியால் எத்தனையோ முதியவர்களின் வேதனை குறைந்தது.

இத்தகைய கேள்விகள் நம் நாட்டிலும் கட்டில்தோறும் காத்துக்கிடக்கின்றன. சிறுநீரக நோய் வடமத்திய உழவர்களை வாட்டுகிறது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் பயணம் செய்யும் உழவனுக்குக் கூலி இழப்பு எவ்வளவு? அவன் இடையிலே சிகிச்சையைக் கைவிடுவது ஏன்? இதை அறியத் தக்கவர் அவன் கையைப் பிடித்து ஊசி ஏற்றும் தாதியே.

மொழியின் பிரச்சினையோ இன்னும் ஆழமானது. நம் மக்கள் வலியை ஒரே சொல்லாற் சொல்வதில்லை. குத்து, கடுப்பு, உளைவு, குடைச்சல், எரிவு, இழுப்பு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு வேதனையைக் குறிக்கும். நெஞ்சிலே ‘எரிவு’ என்பவளும் ‘இழுப்பு’ என்பவளும் ஒரே நோயைச் சொல்லவில்லை. கனடாவில் 1975இல் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலியைக் கூறும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்தே புகழ்பெற்ற வினாக்கொத்தை அமைத்தார். நம் தோட்டத்துத் தாயின் சொற்களைத் தொகுப்பவர் யார்? சிங்களம் மட்டும் தெரிந்த தாதியின் முன் தமிழ் நோயாளியும், தமிழ் மட்டும் தெரிந்த தாதியின் முன் சிங்கள நோயாளியும் வாயிருந்தும் ஊமையராய்ப் படுத்திருக்கும் நாட்டில், இதுவும் உயிர் காக்கும் ஆராய்ச்சியே. பல்கலைக்கழகத்தில் தாதியியல் ஆங்கிலத்திலே கற்பிக்கப்படுகிறது. உலக அறிவைப் பெற ஆங்கிலம் தேவை. ஆனால் கண்ட உண்மை தமிழிலும் சிங்களத்திலும் திரும்பி வராவிடில், யாரிடமிருந்து அவ்வுண்மை பெறப்பட்டதோ அவர்களை அது எட்டாது.

யாருடைய மகள்?

இந்தப் படிக்கட்டில் ஏறக்கூடியவள் யாருடைய மகள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரசாவுரிமை வேண்டும். ஆகவே தோட்டத்து லயனிலே பிறந்த பெண், எவ்வளவு திறமையுடையவளாயினும், அரசாங்கத் தாதியாக முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பாடசாலைகள் அந்தத் திறமையை வெளிப்படவும் விடவில்லை. அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலே. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இலே.

சட்டத்தின் கதவு திறந்தபின்னும் இன்னொரு கதவு மூடியே இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்றிருக்க வேண்டும். தோட்டங்களிலும் பின்தங்கிய கிராமங்களிலும் விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலைகள் அரிது. மலையின் இப்புறத்துத் தமிழ்ச் சிறுமியும் அப்புறத்து லக்கலைச் சிங்களச் சிறுமியும் இங்கே ஒரே தடையின் முன் நிற்கிறார்கள். இனத்தால் பிரித்துப் பேசப்படும் இருவரையும் பின்தங்க வைத்தது ஒரே வறுமை.

பட்டம் கிடைத்துவிட்டால் எல்லாம் கைகூடிவிடும் என்றும் நாம் மயங்கலாகாது. படித்த தாதி கட்டிலை விட்டு விலகி, கடதாசிகளுக்கிடையே அதிகாரியாகிவிடும் அபாயம் உண்டு. பதவி உயர்வுக்காக எழுதப்பட்டு எவரும் படிக்காத ஆராய்ச்சிகளும் உண்டு. குறைந்த சம்பளமும் ஆட்பற்றாக்குறையும் திறமையுள்ளோரைக் கடல் கடந்து துரத்துகின்றன. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது உலகம் தாதியர்க்குக் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்த பின் அவர்களின் வேலை நேரமும் ஊதியமும் எவ்வளவு திருந்தின என்று எவரும் கேட்கட்டும்.

ஆகவே, தாதியின் கல்வி அவளுடைய தனி உயர்வுக்கான ஏணியாக மட்டும் இருப்பது போதாது. விடுதியிலே பிறந்த கேள்வி பல்கலைக்கழகத்துக்குப் போய், விடையாகி மீண்டும் விடுதிக்கே வரவேண்டும். அதற்கு, ஆராய்ச்சி செய்யும் தாதிக்கு வேலை நேரத்திலேயே அவகாசம் வேண்டும். அவள் கண்ட முடிவை வைத்தியரும் நிர்வாகிகளும் மதித்துக் கேட்கும் முறை வேண்டும். அம்முடிவு மக்களின் மொழிகளில் வெளிவர வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. ‘டாக்டராக வரவேண்டும்’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி, அது கைகூடாதபோது ‘தாதியாகவாவது போ’ என்கிறோம். அந்த ‘ஆவது’ என்ற சொல்லிலே ஒரு நூற்றாண்டின் இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனை நம் வகுப்பறையிலிருந்து நீக்குவோம். பின்தங்கிய பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களையும் ஆய்வுகூடங்களையும் கோரும் இயக்கத்தில் தோட்டத்தாரும் கிராமத்தாரும் ஒன்றுசேர நாம் உழைப்போம். மாணவ நண்பர்கள் தம் ஊர் ஆஸ்பத்திரியிலே நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற தாதியரையும் மருத்துவிச்சிகளையும் தேடிச் சென்று, அவர்கள் அனுபவங்களைக் கேட்டு எழுதட்டும். அவர்களோடு மறைந்து போகவிருக்கும் அறிவில் ஒரு பகுதியேனும் அவ்வாறு மீட்கப்படும். அதைப் படித்து வளரும் சிறுமி, லக்கலையில் பிறந்தாலும் லயனிலே பிறந்தாலும், கேள்வி கேட்கத் தனக்கும் உரிமையுண்டு என்பதை அறிந்து வளர்வாள்.